பரிசுக்குப் போன படம் தோட்டத்துக்கு எப்போது வரும்?

கேமரன் மலையின் வடபால், திரிங்கப்பைக் கடந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில் இருக்கிறது கோலா தெர்லா. சாலையோரச் சரிவுகளெல்லாம் நெகிழிக் கூரை வேய்ந்த காய்கறித் தோட்டங்கள். புளூ வேலிப் பக்கம் போனால் தேயிலை. அங்கே திரையரங்கு கிடையாது. வாரமெல்லாம் கொழுந்துக்கும் கோசுக்கும் உழைத்த இளைஞன் ஒருநாள் படம் பார்க்க ஆசைப்பட்டால், சிம்பாங் பூலாய் வரை மலையிறங்கி ஈப்போவுக்குப் போக வேண்டும். அத்தனை வளைவுகளையும் கடந்து அவன் போவது பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்த நட்சத்திரப் படத்துக்காகவே. அவனுடைய பாட்டி பெரட்டுக்கு நின்ற கதையைச் சொல்லும் படமொன்று அங்கே ஓடிக்கொண்டிருக்கும் என்று அவன் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்குமாறு அவனை யாரும் பழக்கவுமில்லை.

அத்தகைய படம் எடுக்கப்படவில்லையா என்றால், எடுக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டில் தீபக் குமரன் மேனன் 'செம்மண் சாலை' என்னும் படத்தைத் தமிழில் எடுத்தார். பெருமுதலீடு இல்லை, பெயர்பெற்ற நட்சத்திரங்கள் இல்லை. 1960-களின் இரப்பர்த் தோட்டமே களம். பால்மரம் வெட்டிப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்த சாந்தா என்னும் பெண் பல்கலைக்கழகம் வரை படிக்க விரும்புகிறாள். வீட்டின் வறுமை குறுக்கே நிற்கிறது. அவ்வளவே கதை. அவ்வாண்டின் இறுதியில், பிரான்சு நாட்டின் நாந்த் நகரில் நடந்த மூன்று கண்டங்களின் திரைப்பட விழாவில் அப்படம் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய நிலப்பரப்புகளின் படங்களுக்கென்றே 1979-இல் தொடங்கப்பட்ட விழா அது.

நாந்த் நகரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் அடிமை வாணிகக் கப்பல்கள் மிகுதியாகப் புறப்பட்ட துறைமுகம் அதுதான். அந்தப் பழியை நினைவுகூரும் சின்னமொன்று 2012-இல் அங்கே ஆற்றங்கரையில் திறக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலியாகவும் கங்காணிக் கூலியாகவும் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டோரின் பேரக்குழந்தைகளைப் பற்றிய படம், அடிமைக் கப்பல் விட்ட ஊரில் பாராட்டப்பட்டது பொருத்தந்தான். அந்த ஊரார் தம் வரலாற்றோடு வைத்து அதைப் பார்த்திருக்கலாம். கேள்வி அவர்களைப் பற்றியதன்று. அந்தச் செம்மண் சாலை நாந்துக்குப் போயிற்றே, தான் புறப்பட்ட தோட்டத்துக்கு அது திரும்பி வந்ததா? பரிசுகளின் பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது. எந்தெந்தத் தோட்டத்து மண்டபத்தில் திரை கட்டப்பட்டது என்னும் பட்டியல் யாரிடம் இருக்கிறது?

இக்கேள்வியைக் கேட்டால் முதலில் வரும் விடை, தோட்டத்தில் படம் காட்டுவது நடவாத காரியம் என்பது. வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. மலாயாவில் திரைப்படம் தோட்டத்தைத் தேடி வந்த காலம் ஒன்று இருந்தது. 1946-இல் மலாயாத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. அது எடுத்த செய்திப்படங்களும் விளக்கப்படங்களும் தமிழிலும் குரல் கொடுக்கப்பட்டு, தகவல் துறையின் வண்டிகளில் ஏறித் தோட்டந்தோட்டமாகச் சென்றன. அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்து மக்கள் அரிசி கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும் என்பது அரசின் கவலை. அக்கவலை திரைப்படக் கருவியைச் செம்மண் பாதைகளில் உருட்டிக்கொண்டு வந்தது. அது தவிர, தோட்ட நிர்வாகங்களே மாதமொருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியதுண்டு. மலாய்க்காரர் அதை வாயாங் பாச்சாக் என்றனர். பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து இடம் பிடித்ததும், கருவி நின்றுபோகும் வேளையில் பிள்ளைகள் கைவிரலால் திரையில் மான் காட்டியதும், மழை வந்தால் பாய்க்கு அடியில் புகுந்துகொண்டு படம் பார்த்ததும் இன்றும் பெரியவர்களின் பேச்சில் வரும்.

ஆளவந்தவர்களுக்குத் தோட்டத்து மக்களின் மனம் வேண்டியிருந்தது. ஆகவே அவர்கள் திரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த மக்களைப் பற்றி அன்போடு படம் எடுப்பவர்களுக்கும், அப்படத்தைப் பாராட்டி மேடையில் பேசுபவர்களுக்கும், அந்த மனம் வேண்டியதில்லையா? மின்விசையும் சரியான பாதையும் இல்லாத நாளில் ஒரு வண்டி வந்து சேர்ந்தது. நல்ல சாலையும், கையடக்கப் படவீழ்த்தியும், ஒரு சட்டைப்பைக்குள் பத்துப் படங்களும் அடங்கும் இந்நாளில் வர முடியவில்லை என்றால், தடை பாதையில் இல்லை.

இதைச் சொல்லும்போது தனியார் முயற்சியில் படம் எடுப்போர்மீது மட்டும் பழி போடுவது நேர்மையாகாது. விழாவை நோக்கி அவர்கள் ஓடியதற்குக் காரணம் உண்டு. உள்நாட்டில் கதவுகள் அடைபட்டிருந்தன. வெளியே ஒரு கதவு திறந்தது. ராட்டர்டாம் விழா 1988-இல் ஏற்படுத்திய ஹியூபர்ட் பால்ஸ் நிதி போன்றவை, வங்கிகள் கொடுக்காத பணத்தைக் கொடுத்தன. அமீர் முகம்மது, ஜேம்ஸ் லீ, ஹோ யூஹாங், டான் சுய் முய் என்று ஒரு தலைமுறையே அந்த வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. டான் சுய் முய்யின் முதல் முழுநீளப்படம் 2006-இல் பூசானிலும் 2007-இல் ராட்டர்டாமிலும் பரிசு பெற்றது. விழாக்கள் இல்லையேல் இவர்களுள் பலர் இரண்டாம் படம் எடுத்திருக்கமாட்டார்கள்.

ஆயினும், வெளிநாட்டில் சூட்டிய மாலை உள்நாட்டில் கவசமாவதில்லை என்பதையும் காலம் காட்டியிருக்கிறது. அமண்டா நெல் யூவின் 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' 2023-இல் கான் நகரின் விமர்சகர் வாரத்தில் முதற்பரிசு வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் மலேசியத் திரைக்கு வந்தபோது, வெட்டப்பட்ட அந்தப் படிவத்தைத் தம் படமாக ஏற்க முடியாது என்று இயக்குநரே அறிவிக்க நேர்ந்தது. கான் பாராட்டிய படத்துக்கே இந்த நிலை என்றால், தமிழ் பேசும் சிறுமுதலீட்டுப் படத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' இதற்குச் சான்று. 'ஜஹாட்' என்னும் மலாய்ச் சொல் தோட்டத் தமிழர் வாயில் திரிந்த வடிவமே அதன் பெயர். 1990-களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய குடும்பம்; அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன்; படிக்கச் சொல்லி அடிக்கும் தந்தை; குண்டர் கும்பலில் இருக்கும் சிற்றப்பன். தமிழாசிரியர் எவரும் தம் வகுப்பின் கடைசி வரிசையில் இந்த அப்போயைப் பார்த்திருப்பார். 2015 டிசம்பரில் படம் திரைக்கு வந்தது. உலகமெங்கும் ஒரே வேளையில் இறங்கிய ஹாலிவுட் விண்வெளிப் படத்தோடு அரங்குக்குப் போட்டியிட வேண்டியதாயிற்று.

2016-இல் இருபத்தெட்டாம் மலேசியத் திரைப்பட விழா நெருங்கியபோது, தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கும் ஏற்பாட்டுக்கு எதிர்ப்பு எழுந்தது. மூத்த ஒளிப்பதிவாளர் முகம்மது நூர் காசிம், தாம் முன்னர் பெற்ற விருதுகளையே திருப்பிக் கொடுத்தார். ஏற்பாடு மாற்றப்பட்டது, 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. ஒரு மலாய்க் கலைஞர் தம் விருதுகளைத் துறந்தார். எத்தனை தமிழ்ச் சங்கங்கள், அப்படத்துக்காக ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்கின?

இங்கேதான் குற்றப்பத்திரிகை வீட்டுப் பக்கம் திரும்புகிறது. சென்னையிலிருந்து ஒரு நடிகர் வந்தால், வரவேற்புக் குழு அமைகிறது, பொன்னாடைகள் வாங்கப்படுகின்றன, நன்கொடைப் புத்தகம் அச்சாகிறது. பாடகர் வந்தால் அரங்கு கொள்ளாது. அதே ஊரில், தம் கைக்காசைச் செலவிட்டு, நண்பர்களை நடிக்க வைத்து, ஈராண்டு மூவாண்டு பாடுபட்டு ஒருவர் படமெடுத்தால், "நம் பையன் ஏதோ படம் எடுத்திருக்கிறானாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் வெளிநாட்டில் பரிசு வாங்கிவிட்டால் மட்டும் பேச்சு மாறும். நாளேட்டில் படம் வரும். பாராட்டுக் கூட்டம் நடக்கும். பாராட்டுபவர்களில் பாதிப்பேர் படத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். பார்க்காத படத்துக்குப் போர்த்தும் பொன்னாடை, கலைஞனுக்குச் செய்யும் அவமதிப்பு. அயலார் மெச்சிய பிறகே சொந்தப் பிள்ளையின் அழகு கண்ணுக்குத் தெரிகிறது என்பது ஓர் அடிமைப் பழக்கம். கங்காணியும் துரையும் போன பிறகும் அது போகவில்லை.

படம் எடுப்போர் தரப்பிலும் நோய் உண்டு. விழாவின் சுவை நாளடைவில் படத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. நடுவர்களுக்குப் பிடிக்கும் மௌனம், நடுவர்களுக்குப் பிடிக்கும் நீண்ட காட்சி, அயலார் இரங்கத்தக்க ஏழ்மை என்று கணக்குப் பார்த்து அமைக்கப்படும் படங்கள் வரத் தொடங்குகின்றன. தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் மௌனம் நிலவுவது அபூர்வம். சுவருக்கு அப்பால் சண்டை, இப்பால் வானொலி, பின்பக்கம் கோழி. அந்த இரைச்சலை அறியாதவன்தான் தோட்டத்து வாழ்வை ஊமைப்படமாக்குவான். சுவரொட்டியில் இரண்டு இலைக்கொத்துகளுக்கு நடுவே விழாவின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் உலகெங்கும் உள்ளதுதான். ஆனால் அந்த இலைக்கொத்துகளை எண்ணுவதே தொழிலாகிவிட்டால், படத்தில் வரும் மக்கள் காட்சிப்பொருளாகிவிடுகிறார்கள். 'செம்மண் சாலை'யை இப்பழிக்கு ஆளாக்க முடியாது. அதன் எளிமை விழாவுக்காகச் செய்துகொண்ட ஒப்பனையன்று. ஆனால் அதைப் பின்பற்றி வருவோர் எதைப் பின்பற்றுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது: அதன் உண்மையையா, அது பெற்ற பரிசையா?

மற்றொரு தடை சொல்லப்படுவதுண்டு. அது சொல்பவர் வாயாலேயே அவரைக் காட்டிக்கொடுப்பது. "தோட்டத்து மக்களுக்கு இந்தப் படங்கள் புரியா, அவர்களுக்கு வேண்டியது சண்டையும் பாட்டும்" என்பதே அது. விடியுமுன் எழுந்து, மூட்டப்பட்ட அடுப்பருகே பிள்ளையை எழுப்பி ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்தவளுக்கு, அக்காட்சியைத் திரையில் கண்டால் புரியாதா? பாரிசு நகரத்து விமர்சகருக்குப் புரியுமாம், அவளுக்குப் புரியாதாம்! சாந்தாவின் படிப்புக்குப் பணம் புரட்டுவது என்ன பாடு என்பதை விளக்க, நாந்தின் பார்வையாளருக்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கும். தோட்டத்தில் எவருக்கு வேண்டும்? இன்னும் ஒரு படி போகலாம். இன்று கேமரன் மலைத் தேயிலையிலும் காய்கறியிலும் உழைப்போரில் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதி. மொழி தெரியாத அந்தத் தொழிலாளியும், 1960-களின் தமிழ்க் கூலியின் படத்தை எந்த விழா நடுவரைக் காட்டிலும் விரைவாகப் புரிந்துகொள்வான்.

சுவை என்பது பழக்கத்தால் வருவது. இதைத் தமிழாசிரியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1950-இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். கதை எழுதத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த தோட்டத்து இளைஞர்களும் ஆசிரியர்களும் அதில் பயின்று எழுத்தாளரானார்கள். பின்னர் அவ்விதழில் பணியாற்றக் கோலாலம்பூருக்கு வந்த கு. அழகிரிசாமி இலக்கிய வட்டம் நடத்திச் சுவையைக் கூர்மையாக்கினார். மலேசியத் தமிழ்ச் சிறுகதை வளர்ந்தது அப்படித்தான். எழுதுபவனும் படிப்பவனும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். திரைப்படத்துக்கு அப்படியொரு வகுப்பை யார் நடத்தினார்கள்? பல பள்ளிகளில் படவீழ்த்தி இருக்கிறது. பாடத்தின் படங்களும் வரைகோலங்களும் அதில் ஓடுகின்றன. மாணவன் நாளெல்லாம் பார்ப்பது ஓடும் படம். தமிழ்மொழிப் பாடத்தில் அவனுக்குக் கற்பிக்கப்படுவது நின்ற எழுத்து மட்டும். உவமையையும் உருவகத்தையும் செய்யுளில் காட்டும் ஆசிரியர், ஒரு காட்சி ஏன் அங்கே வெட்டப்படுகிறது என்று கேட்க மாணவனைப் பழக்கினால், அவன் சந்தையில் விற்கும் எல்லாப் படத்தையும் வேறு கண்ணோடு பார்ப்பான்.

பணம் எங்கே என்று கேட்போருக்கு இரண்டு வரலாறுகளை நினைவூட்டலாம். ஒன்று அண்டை நாட்டினது. தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை'யை இயக்கிய ஜான் ஆபிரகாம், 1980-களின் நடுவில் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ஒடேசா என்னும் குழுவை அமைத்தார். அவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் திரையிட்டார்கள். பார்க்க வந்தவர்களிடம் தங்கள் படத்துக்குக் காசு கேட்டார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று சேர்ந்த பணத்தில் 'அம்மா அறியான்' 1986-இல் உருவாயிற்று. படம் முடிந்ததும் காசு கொடுத்தவர்களிடமே அதைக் கொண்டுபோனார்கள். தயாரிப்பாளர் என்று தனியொருவர் இல்லாமல், ஊராரே முதலாளியாகவும் பார்வையாளராகவும் இருந்த படம் அது. ஜான் 1987-இல் இறந்துபோனார். அவரது வழி தொடர்ந்து செல்ல ஆளின்றிப் புல் மூடிக் கிடக்கிறது.

மற்றொன்று இந்த மண்ணினது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்த நாளில், வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டப் பாட்டாளிகள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுதொகையாகப் பங்குப்பணம் கட்டினார்கள். அப்பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறகு வேறு தோட்டங்களும் வாங்கப்பட்டன. பால் வெட்டிய கையால் ஒரு தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளால் ஒரு படவீழ்த்தியும் ஒரு வெள்ளைத் துணியும் வாங்க முடியாதா? கோவில் திருவிழாவுக்கு ஆகும் வாணச் செலவில் ஓராண்டுக்கான படக்காட்சி நடக்கும்.

சட்டத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும், இது விளையாட்டன்று. 2013 ஜூலை 3-ஆம் நாள், கோலாலம்பூரில் கோமாஸ் அமைப்பின் ஏற்பாட்டில், இலங்கைப் போரின் இறுதி மாதங்களில் தமிழ்க் குடிமக்கள் கொல்லப்பட்டதைப் பற்றிய 'நோ ஃபயர் சோன்' என்னும் ஆவணப்படம் திரையிடப்பட்டது. கேலம் மெக்ரே இயக்கிய அப்படம் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் கூட்டத்தொடரை ஒட்டிக் காட்டப்பட்டது. ஜெனீவாவில் காட்டியவர் மீது வழக்கு இல்லை. கோலாலம்பூரில் காட்டியதற்காக லீனா ஹென்றி என்னும் பெண்மணி மீது 2002-ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் 6-ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. தணிக்கை வாரியத்தின் ஒப்புதலின்றிப் படம் காட்டியது குற்றம் என்பது வாதம். கீழ்நீதிமன்றம் 2016 மார்ச்சில் அவரை விடுவித்தது. உயர்நீதிமன்றம் அவர் எதிர்வாதம் செய்ய வேண்டுமெனத் திருப்பியனுப்பியது. 2017-இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு 10,000 வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது. அப்பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

தமிழர் சாவைப் பற்றிய ஒரு படத்தைக் காட்டியதற்காக நான்கு ஆண்டுகள் ஒரு பெண் நீதிமன்றப் படியேறி இறங்கினார். தமிழ் அமைப்புகள் இதை எத்தனை மேடைகளில் பேசின என்பதை அவற்றின் ஆண்டறிக்கைகளில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வழக்கு எழுப்பும் அச்சம் இயல்பானது. ஆனால் அதுவே சாக்காகக் கூடாது. தணிக்கை ஒப்புதலோடு திரையரங்கில் ஓடிய 'ஜகாட்' போன்ற படத்தைப் பள்ளியிலோ மண்டபத்திலோ காட்ட, படைத்தவரின் இசைவும் ஓர் இரவும் போதும். ஒப்புதல் பெறாத படத்துக்கு ஒப்புதல் கேட்டு எழுதுவதும், மறுத்தால் ஏன் என்று கேட்பதும் சங்கங்களின் வேலை. சங்கங்கள் வேறு எதற்கு இருக்கின்றன?

கைபேசியிலேயே எல்லாப் படமும் கிடைக்கும்போது திரை எதற்கு என்பது இளையோர் வினா. முதற்கண், எல்லாப் படமும் கிடைப்பதில்லை. பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 தொடக்கத்தில் ராட்டர்டாமின் புலிப் பரிசை வென்றது. இணையத் திரைக்கு வந்தது 2023 அக்டோபரில். மதுரை வட்டாரத்து வெயிலில் நடந்த கதை, மதுரைக்காரன் கண்ணுக்கு எட்ட இரண்டரை ஆண்டுக்கு மேலாயிற்று. அடுத்து, போர்வைக்குள் தனியே பார்ப்பவன் யாரிடம் மறுத்துப் பேசுவான்? திடலில் படம் முடிந்த பின்னர் நடந்த பேச்சுத்தான் படத்தின் மறுபாதி. "எம்மா, அந்தக் கிராணி மாதிரித்தானே நம்ம பழைய கிராணியும்" என்று ஒருவர் தொடங்க, வீடு போய்ச் சேருமட்டும் அப்பேச்சு நீளும். அந்த மறுபாதியை எந்தக் கைபேசியும் தராது.

இவையெல்லாம் பொறுக்கக்கூடிய தாமதங்கள் என்று சிலர் நினைக்கலாம். இன்று இல்லாவிட்டால் நாளை. படம் எங்கே போய்விடும்? படம் போகாது. பார்க்க வேண்டியவர்கள் போய்விடுவார்கள்.

இதற்கு நூலுலகில் ஒரு முன்னுதாரணம் உண்டு. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல், அங்கே தமிழ்க் கூலிகள் பட்ட பாட்டை 1969-இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். அது 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது 2000-க்குப் பின்னரே. 2013-இல் பாலாவின் 'பரதேசி' அதைத் தழுவித் திரைக்கு வந்தது. நூல் தமிழாவதற்குள், அதில் எழுதப்பட்ட வாழ்வை வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் மண்ணுக்குள் போயிருந்தார்கள். "ஆம், இப்படித்தான் நடந்தது" என்றோ, "இல்லை, இது பொய்" என்றோ சொல்ல ஆளில்லாத வேளையில் அந்நூல் தன் மக்களிடம் வந்து சேர்ந்தது.

'செம்மண் சாலை' காட்டும் காலத்தில், 1965-இல், பதினைந்து வயதில் பெரட்டுக்கு நின்ற பெண்ணுக்கு, படம் வெளிவந்த 2005-இல் 55 வயது. அன்றைக்கே தோட்டத்துக்குத் திரை வந்திருந்தால், அவள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, இயக்குநரையே எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பாள். பால்மரத்துக் கத்தியை அந்த நடிகர் பிடிக்கும் பிடி சரியா, லயத்து வீட்டில் அடுப்பு அந்தப் பக்கமா இருந்தது, கல்யாணத்துக்குக் கடன் கேட்கப் போனவன் அப்படியா பேசுவான் என்று அவள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் எந்த விழா நடுவருக்கும் தோன்றமாட்டா. நடுவர் கலையைத் தீர்ப்பார். படம் பொய் சொல்கிறதா என்பதைத் தீர்க்க அவள் ஒருத்திதான் தகுதியுடையவள். 2025-இல் அவளுக்கு 75 வயது. கண்ணில் திரை விழுந்திருக்கும், கால் வலிக்கும், மகன் வீட்டு அடுக்குமாடியிலோ, கோலா தெர்லா போன்ற ஊர்களில் பேத்தியின் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்திருப்பாள். அவளிடம் இதுவரை எவரும் கேட்கவில்லை என்றால், இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்க இயலாது.

தேயிலைக்காரர்களுக்கு இரப்பர்ப் படம் எதற்கு என்று ஒருவர் வினவலாம். பால்மரமும் கொழுந்தும் வேறுதான். கொழுந்துக் கூடையின் கனம் பால்வாளியின் கனத்தைப்போல் இராது. மலைக்குளிரில் விரல் விறைப்பது சமவெளித் தோட்டத்தார் அறியாதது. அவ்வேறுபாட்டைச் சொல்லத்தான் அவர்கள் படத்தைப் பார்க்க வேண்டும். "எங்கள் கதை இப்படியில்லை" என்று கோலா தெர்லாவில் ஒரு கிழவி சொன்னால், தேயிலைக் காட்டைப் பற்றிய அடுத்த படம் அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கும். கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்ட கொழுந்துக் காட்டில், கைவிரல் கணக்கு அவளிடந்தான் இருக்கிறது.

தேவைப்படுவது அதிகமில்லை. பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. கோவில் மண்டபமோ, பள்ளித் திடலோ, மழை வந்தால் ஒதுங்க ஒரு கொட்டகை. கேமரன் மலையில் மழை வரும். இரவல் வாங்கிய படவீழ்த்தி. முன்கூட்டியே எழுதிப் பெற்ற இயக்குநரின் இசைவுக் கடிதம்; இயலுமானால் இயக்குநரே. வீடு வீடாகச் சென்று பெரியவர்களை அழைத்து வரப் பத்து மாணவர்கள். அவர்களில் இருவர் கையில், படம் முடிந்த பிறகு பெரியவர்கள் பேசுவதை எழுதிக்கொள்ள ஏடும் எழுதுகோலும். குளிருக்குப் போர்வையை அவரவர் கொண்டுவந்துவிடுவர். மேடையும் மாலையும் வேண்டா. தலைமையுரை அறவே வேண்டா. நாற்காலி போதாவிட்டால் பாய் விரிக்கலாம். அந்தப் பாய்களுக்குப் பழக்கந்தான்.